கோலியின் கணக்குப் புத்தகம்

நூம்பலில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே ஒரு காலி மனை இருக்கிறது. 'இந்த இடம் விற்பனைக்கு அல்ல' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே பேட்டைப் பையன்களுக்கு அதுதான் நேரு ஸ்டேடியம். வேலப்பன்சாவடி பக்கமிருந்து ஸ்கூல் வேன்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்ட அரை மணியில் ஆட்டம் ஆரம்பித்துவிடும். போன வாரம் ஃபுட்பால். நாலு ஹாலோ பிளாக் கற்கள்தான் கோல் போஸ்ட்டுகள். எழுதப்படாத ஒரே சட்டம்: கடைசியாக வருகிறவன் கோலி. விராட் இல்லை, கோல்கீப்பர்.

அன்றைக்குக் கடைசியாக வந்தவன் ஊதா டி-ஷர்ட் போட்ட ஒரு பொடியன். நாலாங்கிளாஸ் இருக்கலாம். பால்கனியில் காபியோடு உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பி.காம். படித்த தோஷம், எதைப் பார்த்தாலும் எண்ணுவேன். பேப்பர் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பையன் தடுத்தது ஏழு, விட்டது இரண்டு. ஆட்டம் முடிந்ததும் அவன் டீமில் ஒருத்தன் கத்தியது மூன்றாவது மாடிவரை கேட்டது. "ரெண்டையும் நீதான்டா விட்ட!"

அந்த ஏழைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

கணக்குப் பதிவியலில் முதல் பாடம் இரட்டைப் பதிவு முறை. ஒரு பற்று இருந்தால் எங்கோ அதற்கு ஒரு வரவு இருந்தாக வேண்டும். விளையாட்டு ஸ்கோர் போர்டு அப்படியில்லை. அதில் கோல் அடித்தவன் பெயர் ஏறும். கோல் விழுந்தது ஏறும். விழாமல் போனது எந்தக் காலத்திலும் ஏறாது. கோல்கீப்பருடைய பேரேட்டில் பற்று மட்டும்தான் இருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை 'சக் தே! இந்தியா' படத்தை மறுபடி பார்த்தேன். 2007 ஆகஸ்ட்டில் வெளியான படம். ஷிமித் அமீன் இயக்கம், ஜெய்தீப் சாஹ்னி எழுத்து, ஷாருக் கான் நடிப்பு. வந்த புதிதில் நானும் ஒரு விமர்சனம் எழுதினேன். இருபதுகளில் இருந்த நிருபர், கை துறுதுறுவென்று இருந்த காலம். பழைய ஃபைலைத் தேடி எடுத்துப் படித்தேன். ஷாருக்கின் தாடிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன். கடைசி காட்சியில் மேட்ச்சைக் காப்பாற்றிக் கொடுக்கும் கோல்கீப்பர் பெண்ணின் பெயர் என் விமர்சனத்தில் எங்குமே இல்லை!

ஆகவே இது ஒரு திருத்திய பதிப்பு. அவள் பெயர் வித்யா சர்மா.

கதை உங்களுக்குத் தெரியும். கபீர் கான் இந்திய ஹாக்கி கேப்டன், ஃபார்வர்டு ஆட்டக்காரர். பாகிஸ்தானுக்கு எதிரான இறுதிப் போட்டியில் கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தவறவிடுகிறார். துரோகி என்கிறார்கள். வருடங்கள் கழித்துப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக வந்து உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்து மானத்தை மீட்கிறார்.

இதைப் பார்த்ததும் விளையாட்டுப் பக்கம் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு பெயரைச் சொன்னார்கள், மீர் ரஞ்சன் நெகி. இது நெகியின் வாழ்க்கை அல்ல, 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் தங்கம் வென்ற செய்திதான் தூண்டுதல் என்று சாஹ்னி விளக்கம் சொல்லிவிட்டார். ஏற்கலாம். ஆனால் அந்த 2002 அணியின் பயிற்சிக் குழுவில் நெகி இருந்தார். படத்தில் நடித்த பெண்களுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுத்தவரும் அவரே. நிழல் விழத்தான் செய்கிறது.

நெகிக்கு என்ன நடந்தது? 1982 டிசம்பர் 1. டெல்லி ஆசிய விளையாட்டு ஹாக்கி இறுதிப் போட்டி. கலர் டி.வி. வந்த புதிது, தேசமே தூர்தர்ஷன் முன்னால். முதல் கோல் இந்தியா போட்டது. அதன் பிறகு பாகிஸ்தான் ஏழு போட்டது. 1-7. கோலில் நின்றவர் நெகி. பணம் வாங்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. எதுவும் நிரூபணம் ஆகவில்லை, பேச்சும் நிற்கவில்லை. மனிதர் ஹாக்கியை விட்டே ஒதுங்கினார். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்குப் போன அணிக்குக் கோல்கீப்பர் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். அந்த அணி தங்கம் வாங்கியது.

இப்போது என் புகாருக்கு வருகிறேன். நிஜத்தில் துரோகி என்று திட்டு வாங்கியவர் கோல்கீப்பர். சினிமாவில் அதே திட்டை வாங்குகிறவர் ஃபார்வர்டு. ஏன் இந்த மாற்றம்?

சௌகரியம்தான். ஃபார்வர்டு தவறவிடுவது ஒரே ஒரு கணம். பந்து கம்பத்துக்கு மேலே போகிறது, ஸ்லோ மோஷனில் முகத்தைக் காட்டலாம், நமக்கு உடனே பாவமாக இருக்கும். 'அடிக்கத்தானே பார்த்தான், பாவம்' என்று மன்னித்துவிடுவோம். ஏழு கோல் வாங்கியவனை ஹீரோவாக்க வேண்டும் என்றால் அந்த ஏழையும் காட்ட வேண்டும். முன்னால் நின்ற பத்துப் பேர் எங்கே போனார்கள் என்பதையும் காட்ட வேண்டும். ஹாக்கியில் கோல் வாய் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். வட்டத்தின் விளிம்பிலிருந்து, அதாவது பதினைந்து மீட்டருக்குள்ளிருந்து, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பந்து வந்தால் கோலிக்குக் கிடைப்பது சுமார் அரை விநாடி. தடுப்பாட்டம் உடைந்துபோன ஒரு மாலையில் அந்த அரை விநாடி திரும்பத் திரும்ப வரும். அதைப் புரியவைக்கப் பொறுமை வேண்டும். படம் அந்தப் பொறுமையைத் தவிர்த்துவிட்டது.

சரி, க்ளைமாக்ஸில் ஈடுகட்டினார்களே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். ஆஸ்திரேலியாவின் கடைசி பெனால்டி ஸ்ட்ரோக்கை வித்யா தடுக்கிறாள், இந்தியா ஜெயிக்கிறது. ஒரு வெகுஜனப் படம் தன் கடைசித் துளி பதற்றத்தைக் கோல்கீப்பர் கையில் கொடுத்தது பெரிய விஷயம். ஆனால் மறுபடி பாருங்கள். அந்தக் கணத்துக்கு முன்னால் வித்யா கோச் பக்கம் திரும்புகிறாள். பந்து நேராகத்தான் வரும் என்று கபீர் கான் கணித்து, கண்ணாலும் தலையாலும் ஜாடை காட்டுகிறார். அவள் அசையாமல் நிற்கிறாள். பந்து வருகிறது, தடுக்கிறாள். தடுத்தது அவள் கை, படம் வரவு வைத்தது அவர் கணக்கில். அந்த அரை விநாடி முடிவைக்கூட கோலி சொந்தமாக எடுத்ததாக இருக்கக் கூடாதா?

நம்மூரும் உசத்தி இல்லை. 2019இல் 'பிகில்' வந்தது, 'நட்பே துணை' வந்தது. ஒன்று ஃபுட்பால், ஒன்று ஹாக்கி. இரண்டு ஹீரோக்களும் கோல்கீப்பர் இல்லை. ஹீரோ என்றால் ஓட வேண்டும், அடிக்க வேண்டும். நின்ற இடத்தில் நின்று ஊரைக் காப்பாற்றுகிற ஐயனாரைக் கும்பிடுகிற நமக்கு, சினிமாவில் மட்டும் அப்படி ஒரு ஆளைப் பிடிக்காமல் போனது விசித்திரம்.

உலகம் முழுக்க இப்படித்தானா? இல்லை. ஐஸ் ஹாக்கி என்று ஒன்று இருக்கிறது. பனித் தரையில் ரப்பர் வில்லையைத் தட்டுகிற ஆட்டம், நமக்கு ஃபிரீஸரைத் தவிர பனியோடு சம்பந்தமில்லை. ஆனால் அங்கே கணக்கு ஒழுங்காக எழுதுகிறார்கள். கோலியை நோக்கி வந்த அடி எத்தனை, தடுத்தது எத்தனை, சதவீதம் என்ன என்று ஒவ்வொரு மேட்ச்சுக்கும் பதிவு உண்டு. செக் நாட்டு டொமினிக் ஹாஷெக் தன் உச்சகட்ட சீசன்களில் நூற்றுக்கு 93 அடிகளைத் தடுத்தார். 1997, 1998 இரண்டு வருடமும் வட அமெரிக்க லீக்கின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து பேர் தனித்தனியாக வந்து அடித்தார்கள், ஐந்தையும் தடுத்தார். இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று ஜெயித்துத் தங்கத்தோடு பிராக் திரும்பியபோது, ஹாஷெக்கை அதிபர் மாளிகைக்கு அனுப்பு என்று கூட்டம் கோஷம் போட்டது.

அதே 1998. டிசம்பர் மாதம், பாங்காக். ஆசிய விளையாட்டு இறுதியில் இந்தியாவும் தென் கொரியாவும் சமன். டை பிரேக்கர். கோலில் நின்று தங்கத்தை வாங்கித் தந்தவர் பெங்களூரு ஆஷிஷ் பல்லால். 32 வருடம் கழித்து நமக்குக் கிடைத்த ஆசிய விளையாட்டு ஹாக்கி தங்கம் அது. அதிபர் மாளிகையெல்லாம் வேண்டாம். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் தன்ராஜ் பிள்ளை, பல்லால் உள்ளிட்ட மூத்த ஆட்டக்காரர்களை அணியிலிருந்தே கழற்றிவிட்டார்கள். தன்ராஜுக்காக நாம் எல்லோரும் கோபப்பட்டோம், சரிதான். பல்லாலுக்காகக் கோபப்பட்டவர்கள் கை தூக்குங்கள். நான் தூக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் சங்கர் லட்சுமண். மத்தியப் பிரதேசம் மாவ் ஊர்க்காரர், ராணுவ வீரர். 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ என்று மூன்று ஒலிம்பிக் இறுதிகளில் கோல் காத்தார். மூன்றிலும் எதிரணி பாகிஸ்தான். 1-0 வெற்றி, 0-1 தோல்வி, 1-0 வெற்றி. மூன்று இறுதிகளில் அவர் விட்டது மொத்தம் ஒரே ஒரு கோல்! 1966இல் கேப்டனாக ஆசியத் தங்கமும் வாங்கினார். பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2006 ஏப்ரலில் காலில் புண் அழுகி, சரியான வைத்தியத்துக்கு வசதியில்லாமல் மாவிலேயே இறந்துபோனார். த்யான்சந்த் பெயரை ஒன்றாங்கிளாஸ் பையன்கூட சொல்வான். இவர் பெயரைச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்?

காலம் மாறிவிட்டது, ஸ்ரீஜேஷ் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார். எர்ணாகுளம் கிழக்கம்பலத்துக்காரர். கோல்கீப்பர் உபகரணம் வாங்க அப்பா பசுவை விற்ற கதை பேப்பரில் படித்திருப்பீர்கள். டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்ற நிலையில், கடைசி சில விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தார். 41 வருடம் கழித்து நமக்கு ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம். பிறகு அவர் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த படம் எல்லா முதல் பக்கத்திலும் வந்தது. 2024 பாரிஸில் காலிறுதியின் பெரும்பகுதியைப் பத்தே பேரோடு ஆடிய அணியை ஷூட் அவுட்வரை இழுத்துப் போய்க் கரை சேர்த்தார். வெண்கலத்தோடு ஓய்வு. அவருடைய 16ஆம் எண் சட்டைக்கும் சீனியர் அணியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

சந்தோஷமான விஷயம்தான். ஆனால் கவனியுங்கள், நாம் கொண்டாடியது கடைசி விநாடிகளில் தடுத்ததை. பன்னிரண்டாவது நிமிடத்தில் தடுத்தது எது என்று கேட்டால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கோலியும் ஃபார்வர்டு மாதிரி ஒரு க்ளைமாக்ஸ் கொடுத்தால்தான் ஹீரோ. சினிமா சொல்லிக் கொடுத்த பாடத்தை மைதானத்திலும் நாம் விடவில்லை.

'சக் தே!' மோசமான படம் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்கள் விளையாட்டைப் பற்றி அவ்வளவு மரியாதையாகப் பேசிய படங்கள் இங்கே கம்மி. அடுத்த முறை டி.வி.யில் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். கடைசி காட்சியில் ஷாருக்கை விட்டுவிட்டு வித்யாவின் கைகளைப் பார்ப்பேன். உங்களையும் பார்க்கச் சொல்லத்தான் இவ்வளவும்.

நேற்று லிஃப்ட்டில் ஊதா டி-ஷர்ட்டைப் பார்த்தேன். "அன்னிக்கு நீ ஏழு தடுத்தே, எண்ணினேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"எட்டு அங்கிள். ஒண்ணு மூஞ்சில பட்டுச்சு, நீங்க பாக்கல."