பன்சாய்க்கு விதி உண்டு, பசிக்கு?

போர் விளையாட்டுகளில் ஜப்பானியக் காலாட்படை என்றாலே ஒரே அச்சுதான்: கூச்சலிட்டபடி ஓடிவந்து பாயும் கூட்டம். 'போல்ட் ஆக்‌ஷன்' விளையாட்டிலும் பன்சாய் பாய்ச்சலுக்குத் தனி விதியே இருக்கு. மேசையில் பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தப் படையின் உண்மையான பலம் சுமை குறைவுதான்.

டைப் 89 எறிகுண்டு வீசியையே பாருங்க. 50 மி.மீ. குழாய், எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு, 600 மீட்டரைத் தாண்டி அடிக்கும். ஒருத்தரே தூக்கிட்டு ஓடலாம். 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கியவர்கள் சைக்கிளில் விரைந்தார்கள். பிரிட்டிஷார் விட்டுப்போன கிடங்குகளில் சாப்பிட்டார்கள். சுமார் 70 நாளில் சிங்கப்பூர் விழுந்தது.

1944-இல் இம்பாலுக்கும் அதே கணக்கோடு போனார்கள். கையில் ஏறக்குறைய மூன்று வார உணவு. மிச்சத்தை எதிரியிடம் பிடிச்சுக்கலாம்னு நினைப்பு. இம்பால் விழவில்லை. திரும்பும் வழியில் பட்டினியும் நோயும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன.

'ஒரு மணிநேரச் சண்டையில் பசிக்கு என்ன வேலை?'ன்னு கேட்கலாம். நியாயம்தான். ஆனா அவங்க சண்டைக்கு வந்ததே பசியோடதான். இம்பால் களத்தை ஆடும்போது ஆள் பலத்தைக் குறைச்சு ஆரம்பிக்கணும். அதைச் செய்யாத விளையாட்டு வீரத்தைக் காட்டும், போரைக் காட்டாது.