ஊரைச் சுற்றி ஒரு நடை

மலை சுற்றப் புதுச்சேரிக்காரர்கள் திருவண்ணாமலைக்குப் போவார்கள். மலையே இல்லாத இந்த ஊரிலும் சுற்றிவர அருமையான வழி உண்டு. கடற்கரைச் சாலை, சுப்பையா சாலை, அண்ணா சாலை, படேல் சாலை என்று பழைய நகரத்தை நீள்வட்டமாக வளைத்து, மறுபடி கடலிடமே கொண்டுவந்து விடும். கடற்கரையில் வண்டிகளை விடாத விடியற்காலையில் கிளம்புவது உத்தமம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. ஒன்றில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இரவின் குளிர்ச்சி கல்லில் இன்னும் இருக்கும், உப்புக்காற்றின் பிசுபிசுப்பு விரலில் ஒட்டும். அவசரமே படாத ஒரு கை உளி பிடித்திருக்கிறது என்பது தடவத் தடவத் தெரியும். பின்னால் கரும்பாறைகளில் அலை மோதிச் சிதறும் சத்தம்.

தெற்கே திரும்பிக் கொஞ்சதூரம் போனால் அந்தச் சத்தம் அடங்கி ரயிலின் ஊதல் கேட்கும். இருதய ஆண்டவர் பசிலிக்காவை வெளியே நின்று பார்த்தால் போதாது. உள்ளே போய் உட்கார வேண்டும். வெயில் ஏற ஏற வண்ணக் கண்ணாடிகளில் சிவப்பும் நீலமும் ஒவ்வொன்றாகத் துலங்கும். அண்ணா சாலை இரைச்சலானது. ஒரு டீ குடித்துவிட்டு வேகமாகக் கடந்துவிடலாம். படேல் சாலையில் கிழக்கே திரும்பியதும் முகத்துக்கு நேரே காற்று.