ஆங்கில நுண்பொருட்பெயர்களின் பன்மை: பள்ளி இலக்கண விதி - ஒரு மறுபார்வை

1. விதி

இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலமாகப் பயிலப்பட்டுவரும் ஆங்கில இலக்கண நூல்களுள் 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் ஆகியோரின் நூல் குறிப்பிடத்தக்கது. நுண்பொருட்பெயர்கள் பன்மை ஏலா என்பது அந்நூல் கூறும் விதி. 'கைண்ட்னஸ்' போன்ற சொல் பன்மையில் வருமாயின் அது செயலையோ நிகழ்வையோ சுட்டும் எண்ணத்தகு பெயராகிவிடும் என்னும் புறனடையும் உடன் தரப்படுகிறது. விதி எளியது; நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயின் அது மொழிவழக்கோடு பொருந்துகிறதா என்பதே ஆராய்தற்குரியது.

2. விதியின் குறை

'ஐடியா', 'மெதட்', 'ரீசன்', 'பிராப்ளம்' ஆகியன ஐம்பொறிகளுக்கு எட்டாதவற்றைக் குறிப்பன. எனினும் மேசை, நாற்காலி ஆகியவற்றுக்கான ஆங்கிலப் பெயர்களைப் போன்றே இவையும் தடையின்றிப் பன்மை ஏற்கின்றன. பொருள் மாறியதால் பன்மை ஏற்றன என்று இவற்றைக் கூற இயலாது. ஒருமையிலும் இவை எண்ணத்தகு பெயர்களே. மறுபுறம், 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' ஆகியன பருப்பொருளைக் குறித்தும் பன்மை ஏலா. எனவே, நுண்மை, பருமை என்னும் பாகுபாடு வேறு. எண்ணத்தகுவது, எண்ணத்தகாதது என்னும் பாகுபாடு வேறு. பருப்பொருள், நுண்பொருள் ஆகிய இருபாலும் எண்ணத்தகாப் பெயர்கள் உண்டு என்பதை யெஸ்பர்சன் 1924இலேயே விளக்கியுள்ளார். அதன்பின் தோன்றிய பள்ளி நூல் இவ்விரண்டையும் ஒன்றாக்கியது வியப்பிற்குரியது. குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணமும் இவற்றை ஒன்றையொன்று ஊடறுக்கும் பாகுபாடுகளாகவே கொள்கிறது.

3. புறனடையின் குறை

புறனடை உண்மையின் ஒரு கூற்றை மட்டுமே தொடுகிறது. பன்மை பெறும் நுண்பொருட்பெயர்கள் குறைந்தது நான்கு வகையாகப் பொருள் தருகின்றன:

அ. செயல்: 'கைண்ட்னசஸ்' (அன்புச் செயல்கள்)
ஆ. வகை: 'ஃப்ரீடம்ஸ்' (பல்வகை உரிமைகள்)
இ. உடையோர்: 'ப்யூட்டீஸ்' (அழகியர்)
ஈ. வேறு பொருள்: 'மேனர்ஸ்' (நடத்தைப் பண்பு)

இவற்றுள் முதல்வகைக்கே புறனடை பொருந்தும். மேலும், 'நாலெட்ஜ்' என்னும் சொல் அடைபெற்று வரும்போது 'எ' என்பதை முன்னே ஏற்கும். ஆயினும் பொதுவழக்கில் பன்மை ஏற்பதில்லை. எண்ணத்தகு தன்மை ஈரெல்லையுள் அடங்குவதன்று, படிநிலை உடையது என்று கீத் ஆலன் 1980இல் நிறுவியதற்கு இத்தகைய சொற்கள் அரண் செய்கின்றன.

4. கற்பித்தலில் விளைவு

தமிழில் தகவல்கள், அறிவுரைகள், சான்றுகள் என்பன இயல்பான வழக்குகள். தமிழ் மாணவர் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'எவிடன்சஸ்' என எழுதுவதற்கு இத்தாய்மொழி வழக்கு ஒரு காரணமாகும். அவை நுண்பொருள் ஆதலின் பன்மை ஏலா என்று ஆசிரியர் திருத்துவாராயின், திருத்தம் சரி, காரணம் பிழை. 'இன்ஃபர்மேஷன்' என்பதற்கு நேரான பிரெஞ்சு, ஜெர்மன் சொற்கள் பன்மை ஏற்கின்றன. ஆங்கிலத்திலேயே சட்ட வழக்கில் குற்றச்சாட்டு என்னும் பொருளில் அச்சொல் பன்மை பெறும். பொருளின் நுண்மை காரணமாயின் இவ்வேறுபாடு தோன்றாது. பிழையான காரணத்தை நம்பும் மாணவர், 'ஐடியாஸ்', 'டிஃபிகல்டீஸ்' என்னும் செவ்விய வடிவங்களையும் ஐயுற நேரும். ஒரு பிழையை நீக்க முற்படும் விதி இவ்வாறு மற்றொரு பிழைக்கு வழிகோலுகிறது.

5. முடிவு

பன்மை ஏற்பு பொருளின் இயல்பன்று. சொல்லின், அதிலும் சொல்லின் குறிப்பிட்ட ஒரு பொருளின் இயல்பு. ஆகவே 'எ' ஏற்குமா, 'மெனி' ஏற்குமா, 'மச்' ஏற்குமா என்னும் சோதனைகளோடு ஒவ்வொரு சொல்லும் கற்பிக்கப்படுதல் வேண்டும். கற்போர்க்கான அகராதிகள் இவ்வேறுபாட்டைப் பொருள்தோறும் குறியிட்டுக் காட்டுகின்றன. அகராதி தரும் இச்செய்தியை இலக்கண வகுப்பும் ஏற்பதே தக்கது.