கடலிலிருந்து தேயிலைக்கு: இங்கேயும் இலங்கையிலும்

தமிழ்நாட்டில் சுற்றுலாவுக்கு வண்டி பேசினால் முதலில் காதில் விழுவது கிலோமீட்டர்தான். வெளியூர் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குக் காசு உண்டு. அதற்கு மேல் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மலை ஏறினால் அதற்கொரு தொகை. இலங்கையில் வான் பிடிக்கும்போது பேச்சு தலைகீழாக இருக்கும். நாள் வாடகைக்குள் 100 கிலோமீட்டர் அளவுதான் பெரும்பாலும் அடங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் காசு.

சின்ன வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் இரண்டு நாட்டுப் பயணத் திட்டங்களின் குணத்தையே இது தீர்மானிக்கிறது. 250 கிலோமீட்டருக்குப் பணம் கட்டிய குடும்பம் அதை ஓடித் தீர்க்கப் பார்க்கும். "மூணாறு போறோம், அப்படியே தேக்கடியையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்ற யோசனை அங்கிருந்துதான் பிறக்கிறது. 100 கிலோமீட்டர் கணக்கில் போகிறவர்களோ இடையில் எங்கே நிற்கலாம், யார் வீட்டில் தங்கலாம், எந்த ஆற்றில் குளிக்கலாம் என்று யோசிப்பார்கள்.

சாலையும் இதற்குத் துணை போகிறது. சென்னையிலிருந்து திருச்சி 330 கி.மீ. நான்குவழிச் சாலையில் ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் ஏ-9 வீதியும் 321 கி.மீ. தான். ஆனால் ஏழெட்டு மணி நேரம் ஒதுக்காமல் யாரும் புறப்படுவதில்லை. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கி.மீ.கூட இல்லை, அதற்கே மூன்று மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. தெற்கே 2011இல் திறந்த அதிவேக வீதி காலிக்கும் மாத்தறைக்கும் போகிறவர்களின் பழக்கத்தை மாற்றிவிட்டது. வடக்குக்கும் தேயிலை மலைக்கும் அப்படியொரு வீதி இன்னும் வரவில்லை. அதனால் அந்தத் திசையில் போகிறவர்கள் சந்தை, பள்ளிக்கூடம், கோயில், விகாரை எல்லாவற்றையும் கடந்துதான் போகவேண்டும். வேறு வழி கிடையாது.

என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நிலம் மாறுவதைக் கண்ணால் பார்க்கத்தான் சாலை வழியே போகிறோம் என்றால், சமவெளியில் எப்படிப் போவது என்பதை இலங்கையிடம் நாம் கற்க வேண்டும். மலையை எப்படிக் காப்பது என்பதை, சமீப காலத் தமிழ்நாட்டிடம் இலங்கை கற்க வேண்டும்.

இதற்குப் பொருத்தமான சாலை நம்மிடமே இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து கொச்சிக்குப் போகும் பழைய தேசிய நெடுஞ்சாலை 49. அரிச்சல்முனையிலிருந்து மூணாறு வரை 350 கி.மீ. அளவு. இந்த ஒரு சாலையில் தமிழ் நிலத்தின் பெரும்பகுதி வந்துவிடும். இருபக்கமும் கடல், நடுவில் மணல். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிந்த சுவர்கள். பிறகு பாம்பன் பாலம். 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ராமநாதபுரம், பரமக்குடி வட்டாரத்தில் பனையும் கண்மாயும் சீமைக்கருவேலமும். மண்பானைக்கும் கடத்துக்கும் பேர்போன மானாமதுரை. மதுரையைத் தாண்டி உசிலம்பட்டி, அப்புறம் ஆண்டிப்பட்டிக் கணவாய். அங்கே முகத்தில் அடிக்கும் காற்றே மாறிவிடும். தேனிக்கு வந்தால் பச்சை, போடிக்கு வந்தால் ஏலக்காய் மணம். போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியதும் ஏலத்தோட்டத்தின் இருட்டு. பூப்பாறையைத் தாண்டி ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தைச் சுற்றித் தேயிலை விரியும்.

இவ்வளவும் ஒரே சாலையில் இருந்தும், மூணாறு போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பயணம் தொடங்குவது போடிமெட்டில்தான். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் தூங்கிக் கழிக்க வேண்டிய தூரம். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி இருட்டிலேயே சமவெளியைத் தாண்டிவிடுவதுதான் நம் வீடுகளில் நல்ல திட்டம் என்று பேர் வாங்கியிருக்கிறது. டிராஃபிக் இருக்காது, வெயில் இருக்காது என்ற காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் வறண்ட கண்மாய்க் கரையைப் பார்க்காதவருக்கு போடிமெட்டின் ஈரம் பாதிதான் புரியும். மலையின் குளிர் உறைப்பதே சமவெளி கொதிப்பதால்தான். இரண்டையும் ஒரே பகலில், கண் விழித்திருந்து கடக்கும்படி நேரம் வகுப்பதுதான் திட்டமிடுதல்.

ஏ-9 வீதியில் இருட்டில் தாண்டிவிட நினைப்பவர் குறைவு. போர்க்காலத்தில் மூடிக்கிடந்து, 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடி, 2009க்குப் பிறகு திரும்பக் கிடைத்த வீதி அது. அதன் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை இருக்கிறது. பளை, முகமாலைப் பக்கத்தில் ஷெல்லில் தலையிழந்த பனைகள் வெகுகாலம் நின்றன. ஆனையிறவில் கடல்நீரேரியும் உப்பளமும். கிளிநொச்சி தாண்டினால் வன்னிக் காடு.

அப்புறம் முறிகண்டி. வீதியோரத்துச் சிறிய பிள்ளையார் கோயில்தான். ஆனால் பஸ், லொறி, வான் எதுவும் நிற்காமல் போவது அபூர்வம். சாரதி இறங்கிக் கால் கழுவுவார், சிதறுதேங்காய் உடைப்பார், உண்டியலில் காசு போடுவார், திருநீறைத் தானும் பூசி ஸ்டியரிங்கிலும் கொஞ்சம் தடவுவார். அதற்குள் வானுக்குள் இருந்தவர்கள் கச்சான் (நிலக்கடலை) கடைகளுக்குப் போயிருப்பார்கள். மணலில் வறுத்த கச்சானைச் சூடாகக் கடதாசிச் சுருளில் வாங்கிக்கொண்டு, பக்கத்து வானில் வந்தவர்களிடம் எந்த ஊர், எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். நயினாதீவுக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்களும் அதே வரிசையில் நிற்பார்கள். நம் ஊரிலும் வண்டிக்குப் பூசை உண்டு. சென்னைப் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரனிடம் புது வண்டிகள் வரிசை கட்டும், டயருக்கு அடியில் எலுமிச்சை நசுங்கும். ஆனால் அது பயணம் தொடங்குமுன் முடிந்துவிடுகிற காரியம். முறிகண்டியில் பயணத்தின் நடுவே எல்லாரும் இறங்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தெற்கே களுத்துறைப் போதி மரத்தடியிலும் இதே வழக்கம் இருக்கிறது. நாம் வழியில் நிற்பது பெரும்பாலும் டிகிரி காபிக்கும் கழிப்பறைக்கும்தான். அது தவறென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைகள் விழுப்புரத்திலும் துவரங்குறிச்சியிலும் ஒரே மாதிரி இருப்பதால், எந்த ஊரில் நின்றோம் என்பதே நினைவில் இருப்பதில்லை.

வவுனியா தாண்டிக் குளங்களும் வயல்களும், தம்புள்ளைக்கு மேலே பாறைக் குன்றுகள், மாத்தளையில் மிளகும் கொக்கோவும், கண்டிக்குப் பிறகு ஏ-5 வீதியில் கம்பளை, புசல்லாவ, றம்பொட அருவி, அப்புறம் தேயிலை. நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். ஆனால் எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்பால்தான் வருகிறது. ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கினால், ஒரு மணி நேரத்துக்குள் ஈரக் காடு முடிந்து புல் மேடும் மரக்கறித் தோட்டமும் ஆகிவிடும். எல்லவிலிருந்து வெல்லவாய வரை 30 கி.மீ.கூட இல்லை. அதற்குள் குளிர் போர்வை தேவையில்லாமல் போய், வழியிலேயே இராவணன் அருவியின் சாரல் கண்ணாடியில் தெறித்து, கீழே உலர்நிலத்து வெயில் வந்து சேர்ந்துவிடும். அங்கிருந்து மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்குப் போனால் மறுபடி கடல். இவ்வளவு மாற்றத்தை இவ்வளவு சிறிய தூரத்தில் தருவதற்குத் தமிழ்நாட்டில் சாலை இல்லை. தீவின் மொத்தப் பரப்பே 65,610 சதுர கி.மீ., தமிழ்நாட்டில் பாதி.

எப்போது போவது என்பதில்தான் இரு கரைக்காரர்களும் அதிகம் ஏமாறுகிறார்கள். இலங்கையில் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை நுவரெலியாவின் மேற்குச் சரிவை நனைக்கும். அதே மாதங்களில் மலைக்குக் கிழக்கே பதுளையும் பொத்துவிலும் மட்டக்களப்பும் காய்ந்து கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே புரளும். அதனால் தீவு முழுவதையும் சுற்றுகிறவருக்கு எந்த மாதத்தில் போனாலும் ஏதோ ஒரு பக்கத்தில் மழை இருக்கலாம். பெப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் ஓரளவு இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுக்கும். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு நுவரெலியா போனால் பூவை விட வாகனம்தான் அதிகம் தெரியும்.

நம் பக்கத்திலும் இதே கணக்குத்தான். ஜூலையில் ஆழியாறு அடிவாரம் வெயிலில் கிடக்க, 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை நனைந்துகொண்டிருக்கும். நீலகிரியிலோ ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு நாட்காட்டி. கூடலூர்ப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் மழை. குன்னூர்ச் சரிவில் அக்டோபர், நவம்பரில்தான் மண் சரியும், மேட்டுப்பாளையம் சாலை அடைபடும். "ஊட்டியில மழையா?" என்று பொதுவாகக் கேட்டால் போதாது. ஊட்டிக்கு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும்.

இனி, இலங்கை நம்மிடம் கற்க வேண்டியது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. முதுமலையைத் தாண்டி பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையில் 2022இலிருந்து அதே போன்ற தடை. வியாபாரிகள் முணுமுணுக்கிறார்கள், திட்டம் போடுகிறவர்களுக்கும் தலைவலிதான். ஆனாலும் இவை தேவை என்றே நினைக்கிறேன். மலைக்கு ஒரு கொள்ளளவு உண்டு என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஏற்பாடுகள் இவை. திட்டத்தின் முதல் வரியாக இ-பாஸையும் சோதனைச்சாவடி நேரத்தையும் எழுதிவிட்டு, பிறகு தங்குமிடம் தேடுவதே முறை.

எல்லவிலும் நுவரெலியாவிலும் இப்படி வரம்பு எதுவும் இல்லை. சரிவெங்கும் விடுதிகள் ஏறிக்கொண்டே போகின்றன. ஹபரணைப் பக்கம் இரவில் யானை வீதியைக் கடக்கும் என்று தெரிந்தும் வாகனங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டுச் சரிவுகளையும் பாதைகளையும் சிதைத்த பிறகாவது இது மாற வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அங்கே இருக்கிறது. பிரதேச வாரியாக நிலை பிரித்து அறிவிக்கிறது. பயணத்துக்கு முதல் நாள் மாலை அந்த அறிவிப்பைப் பார்க்காமல் றம்பொட வழியாகவோ எல்ல வழியாகவோ கிளம்பக் கூடாது. வானிலைச் செயலி மழையை மட்டும்தான் சொல்லும், மண் தாங்குமா என்று சொல்லாது.

தேயிலைக் காட்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படமெடுக்க வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, புசல்லாவையிலும் சரி, வால்பாறையிலும் சரி, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருக்கும். இரண்டிலும் குடியிருப்பவர்களின் முன்னோர் பெரும்பாலும் தமிழ்நாட்டு வறண்ட மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக மலையேறியவர்கள். இலங்கைக்குப் போனவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள், பலர் வழியிலேயே செத்தார்கள். அந்த வழியைத்தான் 2023இல், மலையகத்தார் வந்து இருநூறு ஆண்டு ஆனதையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தார்கள். ஏ-9 வீதியில் மாத்தளைக்கு வருகிறவர்கள் முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிப் போகலாம். லயன்களுக்குள் கேமராவோடு நுழையாமல், தோட்டத்துப் பெட்டிக்கடையில் தேத்தண்ணி குடித்து நாலு வார்த்தை பேச அரை மணி நேரத்தைத் திட்டத்திலேயே எழுதி வைக்கலாம்.

இரு நாட்டுச் சாலைகளையும் ஒரே விடுமுறையில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இப்போது நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் இருக்கிறது. ஆட்கள் மட்டும்தான் போகலாம், வண்டி ஏறாது. வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நின்றுவிடும். ஆகவே பெப்ரவரி கடைசி வாரத்தில் சேவை உறுதியான பிறகே தேதி குறியுங்கள். வானை யாழ்ப்பாணத்திலேயே பேசி, வந்த வழியே திரும்பாமல், பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு, திருகோணமலை வழியாக வடக்கே ஏறும்படி சாரதியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுற்றுக்கு ஏழு பகலாவது வேண்டும். எந்தப் பகலிலும் 180 கி.மீ. தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதற்கு என்ன கூலி என்பதையும் புறப்படுமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.