செரோடோனின் 'குறைபாடு': ஒரே தவறு, இரண்டு பக்கமும்

2022 ஜூலையில் மாலிகுலர் சைக்கியாட்ரி இதழில் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினரின் கட்டுரை வந்தது. புதிய பரிசோதனை எதுவும் இல்லை. ஏற்கெனவே வந்த 17 ஆய்வுகளை (பெரும்பாலும் அவையே தொகுப்பாய்வுகள்) திரட்டி மதிப்பிட்டிருந்தார்கள். மூளையில் செரோடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பது முடிவு. "அப்போ மாத்திரை எல்லாம் சும்மாவா?" என்று இணையம் கொந்தளித்தது.

இந்தக் குறைபாட்டுக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கலாம். 1950களில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட், நோயாளிகளை உற்சாகமாக்கியது. செரோடோனின், நார்அட்ரினலின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது. இன்னொரு பக்கம் நம்ம ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரிசர்பின். ரத்த அழுத்தத்துக்கான இந்த மருந்து அதே ரசாயனங்களைக் காலி செய்துவிடும். சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகவும் பதிவுகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து 1965ல் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினையும், 1967ல் காப்பன் செரோடோனினையும் முன்வைத்தார்கள். ஆனால் 1955லேயே லான்செட் இதழில் டேவிஸும் ஷெப்பர்டும், பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்கு ரிசர்பின் பலன் தருவதாக எழுதியிருந்தார்கள். கதை சொல்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை.

சர்வர் தொங்குகிறது, ரீஸ்டார்ட் பண்ணினால் ஓடுகிறது. உடனே "ரீஸ்டார்ட் குறைபாடுதான் காரணம்" என்று யாரும் ரிப்போர்ட் எழுத மாட்டோம். மாத்திரை வேலை செய்கிறது, அதனால் செரோடோனின் குறைவு என்பது அப்படிப்பட்ட ரிப்போர்ட்தான். செரோடோனின் குறைவு இல்லை, அதனால் மாத்திரை வேலை செய்யாது என்பதும் அதே தவறு, திசை மட்டும் வேறு.

மாத்திரை வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கான தரவும் தனி. 2018ல் சிப்ரியானி குழு 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரின் தரவை அலசியது. 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல். ஆனால் சராசரி வித்தியாசம் சுமார்தான்; பெரும்பாலும் சில வாரங்களே நடந்த பரிசோதனைகள். பெரிய மாயமும் இல்லை, ஏமாற்று வேலையும் இல்லை.

மான்கிரீஃப் கட்டுரையிலும் எனக்கு ஒரு குறை படுகிறது. உணவில் டிரிப்டோஃபேனைக் குறைத்து, அதன் வழியாக மூளையில் செரோடோனினைக் குறைக்கும் சோதனைகளில், ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலோருக்கு மனநிலை மாறவில்லை. கட்டுரை அழுத்திச் சொல்வது இதைத்தான். ஆனால் மருந்தால் தேறியவர்களிடம் 1990ல் டெல்காடோ குழு இதைச் செய்தபோது பலருக்குச் சோர்வு திரும்பியது. ஆக, 'குறைவு' என்ற எளிய கதை விழுந்தாலும், செரோடோனினுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இது வெறும் வாதமல்ல. தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஒருவர் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரும். சிலருக்கு நோயே திரும்பும். மான்கிரீஃபும் திடீரென நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்துவதானால் மருத்துவரோடு பேசி, கொஞ்சம் கொஞ்சமாக.

டாக்டரிடம் "எனக்குச் செரோடோனின் கம்மியா?" என்று கேட்பதில் பயனில்லை. "எத்தனை வாரத்தில் பலன் தெரியும், தெரியாவிட்டால் அடுத்து என்ன, எப்படி நிறுத்துவது?" இந்த மூன்றையும் கேளுங்கள்.