கிள்ளானில் நடந்த பாரதம்

கட்சித் தேர்தல் எதுவாயினும் அதைக் குருக்ஷேத்திரம் என்று வர்ணிக்கும் சம்பிரதாயம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களில் வேரூன்றிவிட்டது; அதையே இலக்கிய ஞானமென்று கொண்டு, இந்நாட்டுத் தமிழரின் அரசியலை விளங்கிக்கொள்ள மகாபாரதத்தினும் சிறந்த கைவிளக்கு இல்லையென்று எழுதுவோரும் இப்போது பெருகியிருக்கிறார்கள். இந்த அபிப்பிராயத்தில் பாதிகூட உண்மையில்லை என்பது என் கட்சி.

இதிகாசத்தைத் திருத்திப் படிப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. மலாய் ஹிக்காயத் ஸ்ரீ ராமாவில், நபி ஆதத்தின் பரிந்துரையால் ராவணன் அல்லாவிடமிருந்தே நான்கு உலகங்களின் ஆட்சியைப் பெறுகிறான். 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்துசென்ற பின் தலையெடுத்த சுயமரியாதைத் தலைமுறைக்கோ அவனே திராவிட வீரன். 1959இல் காசிம் அகமது தம் பல்கலைக்கழக ஆய்வில், மலாய்க் காவியத்தில் மன்னனுக்குப் பணிந்த ஹங் துவாவை விடுத்து, நண்பனுக்காக மன்னனையே எதிர்த்த ஹங் ஜெபாட்டை வீரனாக்கினார். பரம்பரை சொல்லிவந்த தீர்ப்பை ஏற்க மறுக்கும் நெஞ்சுரம் இவற்றிலெல்லாம் இருந்தது.

மலேசிய இந்தியக் காங்கிரசான ம.இ.கா.வின் நாற்காலிப் போட்டிகளைப் பாரதமாக்கும் மேடைத்தமிழில் அது மருந்துக்கும் இல்லை. 1989இல் சாமிவேலுவும் சுப்பிரமணியமும் மோதியதைப் பற்றிப் பேச வருபவர் பாண்டவர், கௌரவர் என்று இரண்டு பெயர்ச்சீட்டுகளை ஒட்டிவிட்டு அமர்ந்துவிடுகிறார். யார் பாண்டவர் என்பதோ, பேசுகிறவர் எந்த அணி என்பதைப் பொறுத்தது. ஓட்டுப் போட்ட ஜனங்கள் அக்குரோணிக் கணக்கில் கரைந்துபோகிறார்கள்.

பங்காளிச் சண்டை என்ற பெயருக்கு மெய்யாகவே உரியது 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்தது. தமிழ் நேசனில் உதவியாசிரியராயிருந்த ஆர். எச். நாதன் முன்னின்ற அவ்வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமாரும் கிராணிமாரும் பெண்களிடம் அத்துமீறலாகாது என்பவற்றோடு, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கையாயிருந்தது. இறங்க மறுத்த அந்தக் கால்களுக்கு நிகரான காவியப் பொருளை நான் நம் மேடைகளில் கேட்டதில்லை. மே மாதத்தில் நாதன் கைதாகி, பின் நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று. பால்மரங்களிடையே நின்ற தமிழர்மீது ஏவப்பட்டது இந்தியப் படை, சுடப்பட்டு மாண்டவர்களும் உண்டு. எதிரே நிற்பவன் தன் தேசத்தானென்று கண்டு காண்டீவத்தை நழுவவிட்டவன் ஒருவனேனும் அப்படையில் இருந்தானா? நம் பாரத ரசிகர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

திரௌபதியின் கேள்வியும் அப்படியே கிடக்கிறது. தன்னையே தோற்றவனுக்குத் தன்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று அவள் சபையில் கேட்டபோது, பீஷ்மரே தர்மத்தின் நுட்பத்தைச் சொல்லி நழுவினார். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தலைமுறையாக லயத்தில் வாழ்ந்து நிலத்தோடு நிலமாகக் கைமாறிய தொழிலாளியின் வழக்கும் அதுதான். அவ்வழக்குக்குச் செயலால் பதிலளிக்க முனைந்தவர் அப்போதைய ம.இ.கா. தலைவர் சம்பந்தன். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்வெட்டுக் கூலியில் மிச்சம்பிடித்த பணத்தைப் பங்குகளாகத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார். 1973இல் அவர் எப்படிப் பதவியை விட்டிறங்கினார் என்பதில் மட்டும் இதிகாசம் தேடுகிறவர்கள், அந்தப் பங்குப் பத்திரங்களையும் 1941ஆம் ஆண்டின் தமிழ் நேசனையும் புரட்டிவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.