வெளிச்சத்தின் விளிம்பும் பிட்டரின் அரமும்

1

'மீறல்' என்ற சொல்லைத் தொண்ணூறுகளில் நாம் தாராளமாகப் புழக்கத்தில் விட்டோம். ஒழுங்கைக் குலைக்கும் எதுவும் நமக்கு உவப்பாக இருந்தது. கம்பெனி கொடுத்த பொருளைத் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள்ளும் மெக்கானிக்கை, லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் எழுதிய 'பிரிக்கோலர்' ஆக்கினோம். அவன் கையில் ஓர் எதிர்ப்பு அரசியலையும் கொடுத்துவிட்டோம். நானும் அப்படிப் பேசியவன்தான். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போய்க்கொண்டே இப்பத்திரிகைகளை வாசித்தவன் என்பதால் என் பேச்சுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதையும் கிடைத்தது. அந்தப் பேச்சை இப்போது திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் வண்டியின் முகப்பு விளக்கு.

1994இல் நண்பர் ஒருவரின் ஜீப்பில் இருந்த 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 மாட்டிக்கொடுத்தேன். சுவிட்ச் உருகாமலிருக்க ரிலே வைத்து, தடித்த ஒயர் இழுத்தேன். வேலை சுத்தம். அன்றிரவே ஓட்டிப் பார்த்தோம். 'பகல் மாதிரி இருக்குப்பா' என்றார் நண்பர். எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் தடுமாறி இறங்கினார். ரோட்டோரப் புழுதியில் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி, மறு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, 'கண்ணு தெரியலய்யா, அணைங்கய்யா' என்றார். நாங்கள் கடந்து போய்விட்டோம். அன்று நாங்கள் எந்த அதிகாரத்தை எதிர்த்தோம் என்று யோசித்தால் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அந்த விளக்கால் கஷ்டப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

2

ஆல்ஃப்ரட் ஸோன்-ரெத்தல் 1926இல் நேப்பிள்ஸ் நகரத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அந்த ஊர்க்காரர்களுக்கு ஓர் இயந்திரம் பழுதான பிறகுதான் வேலை செய்யவே தொடங்குகிறது என்பது அதன் சாரம். பழுதான பொருளுக்குள் கையை விட்டுத் தன் வழிக்குக் கொண்டுவரும்போதுதான் மனிதன் அதற்கு எஜமானன் ஆகிறான். இதைப் படிக்கும் எவருக்கும் நம்மூர்ப் பட்டறைகள் ஞாபகம் வரும். இதே ஸோன்-ரெத்தல்தான் 1970இல் மூளை உழைப்பும் உடல் உழைப்பும் பிரிந்துபோனதைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். முன்னதன் குதூகலத்தைப் பின்னதன் கேள்வியோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. திருத்துகிற கையில் அறிவு இருக்கிறதா, இல்லை துணிச்சல் மட்டும்தானா? 'கை' என்றாலே புனிதமாக்கிவிடும் நம் வழக்கம் இதைக் கேட்கவிடுவதில்லை. கைக்கு அறிவு உண்டென்று மெய்யாகவே நம்பினால், அது தப்புப் பண்ணும் என்பதையும் ஒத்துக்கொள்ளணும். நான் மாட்டிய 100/90 அப்படியொரு தப்பு.

3

ஐ.டி.ஐ.யில் முதல் மாதங்கள் முழுக்க அரம்தான். வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து ராவிக்கொண்டே இருக்கணும். அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். திரும்பி வரும்போது அழுத்தக் கூடாது. கை கொஞ்சம் ஆடினாலும் ஓரங்கள் தேய்ந்து நடுவில் மேடு விழும். ராவிய பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலை நோக்கித் தூக்கிப் பிடிப்போம். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம். ஸ்கேலில் அளக்க முடியாத பிசகைக்கூட அந்தக் கசிவு காட்டிக்கொடுத்துவிடும். 'வெளிச்சம் தெரியுது பாரு, போய் ராவு' என்பது வாத்தியார் தினமும் சொன்ன வாக்கியம்.

இரும்பின் பிழையை வெளிச்சத்தால் கண்டுபிடிக்கும் இந்தப் பாடம், புரொஜெக்டர் விளக்கில் அப்படியே புரண்டுவிடுகிறது. அங்கே பல்புக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு சின்னத் தகடு நிற்கிறது. மேலே போய் எதிரில் வருபவர் கண்ணில் விழக்கூடிய ஒளியை அதுதான் மறிக்கிறது. அந்தத் தகட்டின் மேல்விளிம்பை லென்ஸ் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் ரோட்டில் போடுகிறது. சுவருக்கு நேரே வண்டியை நிறுத்தினால், மேலே இருட்டும் கீழே வெளிச்சமுமாக ஒரு கோடு தெரியுமே, அது தகட்டு விளிம்பின் பிம்பம்.

இடப்பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில் இந்தக் கோடு இடப்பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும், ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக. வலப்பக்கம் தாழ்ந்திருக்கும், எதிரே வருபவருக்காக. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளின் கார்களில் இது நேரெதிர். அப்படியொரு காரிலிருந்து கழற்றிய ஒரு ஜோடி விளக்கு பழைய சாமானாக என் கைக்கு வந்தது. அதை அப்படியே மாட்டினால் ஏறிய பக்கம் எதிராளியின் முகத்தில் போய் அடிக்கும். தகட்டை மட்டும் ராவிச் சரிசெய்யலாமென்று பார்த்தால் முடியாது. தாழ வேண்டிய பக்கத்தை ராவித் தாழ்த்தலாம், உயர வேண்டிய பக்கத்துக்கு உலோகம் எங்கிருந்து வரும்? புதுத் தகடுதான் வெட்டணும். வெட்டும்போது எல்லாவற்றையும் புரட்டி யோசிக்கணும்: ஓட்டுபவர் பார்வையில், ரோட்டில் இடப்பக்கம் வெளிச்சம் ஏறுவதற்குத் தகட்டின் வலப்பக்கம் இறங்கியிருக்க வேண்டும்.

அளவைப் பாருங்கள். லென்ஸின் குவியத் தூரம் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் 0.1 மி.மீ. பிசகினால் 25 மீட்டர் தள்ளி ஏறத்தாழ 4 செ.மீ. பிசகும். ஒரு மி.மீ. பிசகினால் கிட்டத்தட்ட ஒரு முழம். 25 மீட்டருக்கு 25 செ.மீ. என்ற கணக்கில் இறங்க வேண்டிய வெளிச்சம் அப்போது மேல்நோக்கிப் போய்விடுகிறது. தகடு மொத்தமாக உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் விளக்கின் திருகைத் திருப்பிச் சரிக்கட்டலாம். விளிம்பு நெளிந்திருந்தால் எந்தத் திருகாலும் ஒன்றும் பண்ண முடியாது. டேவிட் பை 1968இல் வேலைத்திறனை இரண்டாகப் பிரித்தார்: விளைவு முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்ட வேலை ஒன்று; செய்து முடிக்கும்வரை எந்த நொடியும் கெட்டுப்போகக் கூடிய வேலை இன்னொன்று. அரம் இரண்டாவது வகை. ராவி எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. கடைசி நாலு இழுப்புக்கு அரத்தில் சாக்பீஸ் தேய்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பை சொன்னது உடம்புக்குப் புரியும். ஆனால் அவர் இடரைச் செய்பவனுக்கும் பொருளுக்கும் இடையில் வைத்துப் பேசுகிறார். விளக்கில் அந்த இடரைச் சுமப்பவர் பட்டறையிலேயே இல்லாத மூன்றாவது ஆள்.

4

சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். அதற்குள் இரண்டு குரல்கள் கேட்கின்றன. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. வறண்ட அரசாங்க மொழிக்கு நடுவே ஒரு மனுஷக் கண் வந்து நிற்பது எனக்கு ஆச்சரியம்தான். பெரியவர்களின் கண் உயரம் அது. குழந்தையின் கண்ணும், ரோட்டோரம் கூடை வைத்து உட்கார்ந்திருப்பவர் கண்ணும் அந்த அளவில் அகப்படவில்லை. இருந்தாலும் கண் என்று ஒன்று இருக்கிறது.

1988ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் அந்தக் கண் காணாமல் போகிறது. கம்பெனி குறிப்பிட்டதும் பதிவுப் புத்தகத்தில் இருப்பதும்தான் அங்கே அளவுகோல். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், விதிமீறிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. கம்பெனியிலிருந்தே வரும் உயரமான கார்களின் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் எதிராளி கண்ணைப் பொசுக்கினாலும் அவை 'மாற்றம்' ஆகா. கோணலாக இருந்த தகட்டை ராவி அந்தக் கண்ணைக் காப்பாற்றுகிறவன் மாற்றம் செய்த குற்றவாளி.

அவ்வப்போது போலீசார் முகாம் போட்டு முகப்பு விளக்குகளில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நேராக வரும் ஒளியை மறிக்கத்தான் ஹெச்4 பல்பின் முனையில் ஏற்கெனவே கருப்புப் பூச்சு இருக்கிறது. ஸ்டிக்கர் அதையே வெளியில் இன்னொருமுறை செய்கிறது. வெளிச்சம் கொஞ்சம் குறையும். தப்பான திசையில் போவது தொடர்ந்து தப்பாகவே போகும்.

அதற்காக மாற்றுகிறவர் எல்லாரும் நம்மாள் என்று சேர்த்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. ஹெச்4 பல்பு இருந்த இடத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகுகிறவர் எதையும் திருத்தவில்லை, ஒரு சரக்கை வாங்கியிருக்கிறார். உள்ளேயுள்ள பிரதிபலிப்பான் இழையின் இடத்தையும் வடிவத்தையும் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. இரண்டு பக்கமும் சில்லு ஒட்டிய எல்.இ.டி. அந்தக் கணக்குக்குள் பொருந்துவதில்லை, ஒளி கண்டபடி சிதறுகிறது. ஓட்டுபவருக்கு 'நல்லா வெளிச்சமா இருக்கு'. எதிரே வருபவர் கணக்கிலேயே இல்லை. இதையும் மீறல் என்று கொண்டாடினால் சந்தைக்கு நாமே விளம்பரம் எழுதிக்கொடுக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

5

ஆக, நுட்பம் என்பதைக் கம்பெனி வரைபடத்துக்குக் கீழ்ப்படிதல் என்று எண்ணி நாம் ஒதுக்கியது தவறு. அரத்தின் நுட்பம் இன்னொருவர் உடம்பை நம் அளவுக்குள் கொண்டுவருவது. அது இல்லாத மாற்றம் எதிர்ப்பாகாது. பலமுள்ளவன் பலமில்லாதவன்மேல் வெளிச்சம் அடிக்கிறான், அவ்வளவுதான். சட்டத்திடம் நான் கேட்பதும் அதுதான். விளக்கு கம்பெனி போட்டதா, பட்டறை போட்டதா என்று கேட்பதற்கு முன்னால் 106ஆவது விதியின் கண்ணை வைத்து இரண்டையும் அளக்கட்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இடங்களில் கம்பெனிகளின் விளக்குகளைச் சோதிக்கிறார்கள். ஒரு சின்னப் பட்டறைக்காரர் தான் செய்ததைக் கொண்டுபோய் அளந்து பார்க்க ஊர்ப்பக்கம் ஓர் இடமாவது வேண்டாமா?

எனக்கு இருப்பது ஒரு சுவர். வண்டியை 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் உயரத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு போடுவேன். வெளிச்சத்தின் விளிம்பு கீழ்க்கோட்டில் உட்கார்ந்ததும் 8 மீட்டர் எண்ணிப் போய் விளக்கைப் பார்த்து நிற்பேன். பிறகு ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிவேன், தரையில் உட்கார்ந்தும் பார்ப்பேன். கூசினால் தகட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு வெட்டுவேன். சட்டப்படி அப்போதும் நான் குற்றவாளிதான். அந்தப் பெரியவர் இன்னொருமுறை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருக்காது.